இங்கிலாந்து டெஸ்ட் தொடர்: இந்திய அணி எதில் தேறியது, எதில் தடுமாறியது?

கொச்சி, ஆகஸ்ட் 9: லண்டன் ஓவல் மைதானத்தில் கடந்த 4-ஆம் தேதி முகமது சிராஜ் வீசிய யார்க்கர் பந்து கஸ் அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்த்தபோது, இங்கிலாந்தின் வெற்றிக்கு 7 ரன்களே தேவைப்பட்டன. இந்தியா 6 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. ரன் கணக்கில் இந்திய டெஸ்ட் வரலாற்றின் மிகக் குறுகிய வெற்றி இதுவே. 2004-இல் மும்பையில் ஆஸ்திரேலியாவை 13 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது இதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது. ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடர் 2-2 என முடிந்ததால், ஆண்டர்சன்-டெண்டுல்கர் கோப்பையை இரு அணிகளும் பகிர்ந்துகொண்டன.

அந்தத் திங்கள்கிழமை இந்திய நேரப்படி பிற்பகல் 3.30 மணிக்கு ஆட்டம் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் கைமாறும் மண்டிகளில்கூட அந்த நேரத்தில் எடைத்தராசைவிடக் கைப்பேசித் திரைக்கே அதிகக் கவனம் கிடைத்தது. கொண்டாட்டம் நியாயமானதே. ஆனால், கடைசி நாளின் 35 ரன்களையும் 4 விக்கெட்டுகளையும் வைத்து 25 நாள் ஆட்டத்தை எடைபோட முடியாது. இந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களும் ஐந்தாம் நாள் வரை நீடித்தவை. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது தெரியும் சித்திரம், ஓவல் வெற்றி காட்டும் சித்திரத்திலிருந்து சற்று வேறுபட்டதாக உள்ளது.

எங்கிருந்து தொடங்கியது

2024 அக்டோபர், நவம்பர் மாதங்களில் சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 0-3 எனத் தோற்ற இந்தியா, அதைத் தொடர்ந்து ஆஸ்திரேலியாவில் 1-3 எனத் தொடரை இழந்தது. அதனால் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துக்கான வாய்ப்பும் பறிபோனது. ஆஸ்திரேலியத் தொடரின் நடுவே, பிரிஸ்பேனில், 537 விக்கெட்டுகளுடன் ரவிச்சந்திரன் அஸ்வின் ஓய்வை அறிவித்தார். 2025 மே மாதம் 7-ஆம் தேதி ரோஹித் சர்மாவும், 12-ஆம் தேதி விராட் கோலியும் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலகினர். ஆறு மாத இடைவெளியில் அணியின் மூன்று தூண்கள் சாய்ந்த நிலையில், 25 வயது ஷுப்மன் கில் இந்தியாவின் 37-ஆவது டெஸ்ட் கேப்டனாக லீட்ஸ் சென்றடைந்தார். ஆசியாவுக்கு வெளியே அவரது பேட்டிங் சராசரி அப்போது 30-ஐக்கூட எட்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் இந்தியா கடைசியாகத் தொடரை வென்றது 2007-இல், ராகுல் திராவிட் தலைமையில். அதன்பின் 2011-இல் 0-4, 2014-இல் 1-3, 2018-இல் 1-4 என்ற தோல்விகளும், 2021-இல் தொடங்கி 2022-இல் முடிந்த தொடரில் 2-2 என்ற முடிவும் கிடைத்தன. இந்தப் பின்னணியில் கில்லின் இளம் அணி இரு ஆட்டங்களை வென்றதை எதிர்பார்ப்புக்கு மேலான செயல்பாடு என்றே கொள்ள வேண்டும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. எதிர்பார்ப்பு குறைவாக இருந்ததாலேயே கைநழுவிய வாய்ப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் விடலாமா என்பதே கேள்வி.

லீட்ஸ்: ஐந்து சதங்கள், ஒரு தோல்வி

முதல் ஆட்டத்தில் இந்திய வீரர்கள் ஐந்து சதங்கள் அடித்தனர். யஷஸ்வி ஜெய்ஸ்வால் 101, கில் 147, கே.எல். ராகுல் 137, ரிஷப் பந்த் 134 மற்றும் 118. ஓர் ஆட்டத்தின் இரு இன்னிங்ஸிலும் சதம் கண்ட முதல் இந்திய விக்கெட் கீப்பர் பந்த். உலக அளவில் ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவருக்கு அடுத்து அவர் இரண்டாமவர். இத்தனைக்குப் பிறகும் இங்கிலாந்து 371 ரன் இலக்கை 5 விக்கெட்டுகளை மட்டும் இழந்து எட்டியது. ஓர் அணி ஐந்து தனிநபர் சதங்கள் அடித்தும் தோற்றது டெஸ்ட் வரலாற்றில் அதுவே முதன்முறை.

காரணங்களைத் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 430 என்றிருந்த இந்தியா 471-இல் சுருண்டது. கடைசி ஏழு விக்கெட்டுகள் 41 ரன்களில் வீழ்ந்தன. இரண்டாம் இன்னிங்ஸில் 4 விக்கெட்டுக்கு 333 என்ற நிலையிலிருந்து 364-இல் முடிந்தது. கடைசி ஆறு விக்கெட்டுகளுக்கு 31 ரன்கள். இரண்டையும் சேர்த்தால் 13 விக்கெட்டுகளுக்கு 72 ரன்கள். இதனுடன் ஃபீல்டிங்கும் கைகொடுக்கவில்லை. ஜெய்ஸ்வால் மட்டும் நான்கு கேட்சுகளைத் தவறவிட்டார். கடைசி நாளில் 97 ரன்களில் பிழைத்த பென் டக்கெட் 149 வரை சென்று இலக்கின் பெரும் பகுதியை முடித்துவைத்தார்.

இந்தக் கடைநிலைச் சரிவுதான் தொடர் முழுவதற்குமான அணித் தேர்வைத் தீர்மானித்தது என்று கருத இடமுண்டு. எட்டாம் இடம் வரை பேட்டிங் செய்யத் தெரிந்தவர் வேண்டும் என்ற எண்ணம் அணி நிர்வாகத்தில் வேரூன்றியது. வாஷிங்டன் சுந்தர் இரண்டாவது ஆட்டத்திலிருந்து இடம்பெற்றதும், நிதிஷ் குமார் ரெட்டி, ஷர்துல் தாக்குர் ஆகியோருக்கு வாய்ப்புகள் கிடைத்ததும் இதனால்தான். இதற்குக் கொடுத்த விலை, மணிக்கட்டுச் சுழலர் குல்தீப் யாதவ். அவர் ஐந்து ஆட்டங்களிலும் பார்வையாளராகவே இருந்தார்.

பர்மிங்காம் வெற்றியும் லார்ட்ஸ் தோல்வியும்

இரண்டாவது ஆட்டம் நடந்த எட்ஜ்பாஸ்டனில் இந்தியா அதற்கு முன்பு ஆடிய எட்டு டெஸ்டுகளில் ஒன்றைக்கூட வென்றதில்லை. ஆசிய அணி எதுவும் அங்கு வென்றதில்லை. கில் 269, 161 என ஒரே ஆட்டத்தில் 430 ரன்கள் குவித்தார். டெஸ்ட் வரலாற்றில் இதைவிட அதிகம் எடுத்தவர் 1990-இல் இந்தியாவுக்கு எதிராக லார்ட்ஸில் 456 ரன்கள் சேர்த்த கிரஹாம் கூச் ஒருவரே. பும்ராவுக்கு ஓய்வளிக்கப்பட்ட நிலையில் களமிறங்கிய ஆகாஷ் தீப் 10 விக்கெட்டுகளை எடுத்தார். முதல் இன்னிங்ஸில் சிராஜுக்கு 6 விக்கெட்டுகள். 608 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 271-இல் ஆட்டமிழக்க, இந்தியா 336 ரன்களில் வென்றது. ரன் வித்தியாசத்தில் வெளிநாட்டு மண்ணில் இந்தியாவின் மிகப்பெரிய வெற்றி அது.

நான்காம் நாளில் கில் தாமதமாக டிக்ளேர் செய்தார் என்ற விமர்சனம் எழுந்தது. ஐந்தாம் நாள் காலை மழை பெய்தபோது அந்தக் குரல் இன்னும் ஓங்கியது. லீட்ஸில் 371 ரன்களைத் துரத்தி வென்ற எதிரணிக்கு எதிராக ஒரு கேப்டன் கூடுதல் எச்சரிக்கை காட்டியதைப் பிழையென்று சொல்வது கடினம். முடிவும் அவர் பக்கமே நின்றது.

லார்ட்ஸ் ஆட்டம்தான் இந்தத் தொடரின் மையம் என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. இரு அணிகளும் முதல் இன்னிங்ஸில் தலா 387 ரன்கள் எடுத்தன. இரண்டாம் இன்னிங்ஸில் வாஷிங்டன் சுந்தர் 22 ரன்கள் கொடுத்து ரூட், ஸ்டோக்ஸ், ஜேமி ஸ்மித் உள்ளிட்ட நால்வரை வீழ்த்த, இங்கிலாந்து 192-இல் அடங்கியது. வெற்றிக்கு 193 ரன்கள் தேவை. இந்தியா 170-இல் ஆட்டமிழந்து 22 ரன்களில் தோற்றது. மற்ற நான்கு ஆட்டங்களின் முடிவுகள் அப்படியே இருந்து, லார்ட்ஸில் இன்னும் 23 ரன்கள் மட்டும் கிடைத்திருந்தால் 3-1 என்று 18 ஆண்டுகளுக்குப் பின் தொடர் இந்தியாவின் கைக்கு வந்திருக்கும்.

அந்த 23 ரன்கள் எங்கே தொலைந்தன? கடைசி நாளில் ரவீந்திர ஜடேஜா 181 பந்துகளில் 61 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றதைப் பற்றியே பெரும்பாலான விவாதங்கள் நடந்தன. அவர் அடித்து ஆடியிருக்க வேண்டும் என்றனர் சிலர். மறுமுனையில் நின்றவர்கள் பும்ராவும் சிராஜும். பும்ரா 54 பந்துகளையும் சிராஜ் 30 பந்துகளையும் தாக்குப்பிடித்தனர். சோயிப் பஷீரின் பந்தைச் சிராஜ் சரியாகவே தடுத்தார். அது தரையில் உருண்டு பின்னால் சென்று ஸ்டம்பைத் தொட்டது. மதிய உணவு இடைவேளைக்குள் 8 விக்கெட்டுகளை இழந்து 112 ரன்களில் தத்தளித்த அணியை இலக்கின் அருகே கொண்டுவந்தவரைக் குறைகூறுவது, தீயை அணைத்தவரிடம் தண்ணீர் சிந்தியதற்குக் கணக்குக் கேட்பது போன்றது.

உண்மையான இழப்புகள் அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டன. மூன்றாம் நாள், உணவு இடைவேளைக்குச் சற்று முன், ராகுல் தனது சதத்தை இடைவேளைக்குள் முடிக்க விரும்பிய அவசரத்தில் பந்த் 74 ரன்களில் ரன் அவுட் ஆனார். அதுவரை இந்தியா பெரிய முன்னிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இரண்டாம் நாளில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. இரண்டாவது புதிய பந்தில் பும்ரா ஸ்டோக்ஸ், ரூட், வோக்ஸ் மூவரையும் அடுத்தடுத்துச் சாய்த்து, இங்கிலாந்தை 7 விக்கெட்டுக்கு 271 என்ற நிலைக்குத் தள்ளினார். பத்து ஓவர் கடந்த நிலையில் பந்து வடிவம் இழந்துவிட்டதாகக் கூறி அதை மாற்றும்படி இந்திய அணியே கேட்டது. மாற்றுப் பந்து எதிர்பார்த்தபடி ஸ்விங் ஆகவில்லை. கில் நடுவர்களிடம் வெளிப்படையாக அதிருப்தி தெரிவித்தார். ஸ்மித்தும் பிரைடன் கார்ஸும் எட்டாவது விக்கெட்டுக்கு 84 ரன்கள் சேர்த்தனர். 22 ரன்களில் முடிவான ஆட்டத்தில் அந்த 84-இன் எடையை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

‘சமன்’ என்ற சொல்

மான்செஸ்டரில் நடந்த நான்காவது ஆட்டத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போது ஒரு சிறு சிக்கல் எழுகிறது. வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டத்தையும் ‘சமன்’ என்கிறோம். 2-2 என முடிந்த தொடரையும் ‘சமன்’ என்கிறோம். இரு அணிகளும் ஒரே ரன் எண்ணிக்கையில் முடிக்கும் அரிய நிகழ்வையும் அவ்வாறே எழுதிவிடுகிறோம். மூன்றும் வெவ்வேறு. மான்செஸ்டரில் நடந்ததற்கு ‘டிரா’ என்ற கடன்சொல்லே பொருந்தும். அங்கு எதுவும் சமமாக இல்லை. நான்கு நாள்கள் இங்கிலாந்தின் கை ஓங்கியிருந்தது.

இந்தியா 358 ரன்கள் எடுக்க, இங்கிலாந்து 669 குவித்தது. ரூட் 150, ஸ்டோக்ஸ் 141. இந்த இன்னிங்ஸின்போதுதான் ரூட், திராவிட், ஜாக் காலிஸ், ரிக்கி பாண்டிங் மூவரையும் கடந்து டெஸ்ட் ரன் பட்டியலில் டெண்டுல்கருக்கு அடுத்த இடத்தை அடைந்தார். 311 ரன்கள் பின்தங்கி இரண்டாம் இன்னிங்ஸைத் தொடங்கிய இந்தியா, கிறிஸ் வோக்ஸ் வீசிய முதல் ஓவரிலேயே ரன் எதுவும் எடுக்காமல் ஜெய்ஸ்வாலையும் சாய் சுதர்சனையும் இழந்தது. அங்கிருந்து 143 ஓவர்கள். ராகுல் 90, கில் 103. அதன்பின் ஜடேஜாவும், காயமடைந்த பந்துக்குப் பதிலாக ஐந்தாம் இடத்துக்கு உயர்த்தப்பட்ட வாஷிங்டன் சுந்தரும் பிரிக்கப்படாமல் 203 ரன்கள் சேர்த்தனர்.

ஜடேஜா 89 ரன்களிலும் சுந்தர் 80 ரன்களிலும் இருந்தபோது ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஸ்டோக்ஸ் கை நீட்டினார். இருவரும் மறுத்துவிட்டுத் தத்தம் சதத்தை எட்டினர். சென்னையைச் சேர்ந்த சுந்தருக்கு அது முதல் டெஸ்ட் சதம். 206 பந்துகளில் 101. ஸ்டோக்ஸின் சலிப்புக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் நீண்ட நேரம் அணியைக் காத்த வீரர் தன் முதல் சதத்துக்கு 20 ரன்கள் இருக்கும்போது, விதி அவருக்கு அளிக்கும் உரிமையைப் பயன்படுத்தியதில் விளையாட்டுணர்வுக் குறைபாடு எங்கே வந்தது என்பது விளங்கவில்லை.

அதே ஆட்டத்தில் கேப்டன்சியின் குறையும் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ஒரே இன்னிங்ஸில் 68 ஓவர்கள் கடந்த பிறகே சுந்தரிடம் பந்து கொடுக்கப்பட்டது. வந்த சிறிது நேரத்தில் அவர் ஆலி போப்பையும் ஹாரி புரூக்கையும் வெளியேற்றினார். முந்தைய ஆட்டத்தில் 22 ரன்களுக்கு 4 விக்கெட் எடுத்த பந்துவீச்சாளருக்கு அவ்வளவு நேரம் ஏன் காத்திருப்பு? பேட்டிங்கின் ஆழத்துக்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் பந்து வீசவும் வல்லவர் என்பது களத்தில் மறந்துபோகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

பும்ரா இல்லாத வெற்றிகள்

ஜனவரியில் சிட்னியில் முதுகுக் காயமடைந்த ஜஸ்பிரித் பும்ரா இத்தொடரில் மூன்று ஆட்டங்களில் மட்டுமே விளையாடுவார் என்பது முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது. அவர் ஆடிய லீட்ஸ், லார்ட்ஸ் ஆட்டங்களில் தோல்வி. மான்செஸ்டரில் டிரா. ஆடாத பர்மிங்காமிலும் ஓவலிலும் வெற்றி. இந்தத் தற்செயலை வைத்து ‘பும்ரா இல்லாமலேயே இந்தியா நன்றாக ஆடுகிறது’ என்று சமூக ஊடகங்களில் உலவும் வாதம் எண்களின் முன் நிற்காது. மூன்று ஆட்டங்களில் அவர் 14 விக்கெட்டுகளை 26 என்ற சராசரியில் எடுத்தார். இரு முறை ஓர் இன்னிங்ஸில் 5 விக்கெட். சிராஜின் சராசரி 32-க்கு மேல். ஆகாஷ் தீப், பிரசித் கிருஷ்ணா ஆகியோரின் சராசரி அதைவிடவும் அதிகம். லீட்ஸில் கேட்சுகள் நழுவியதற்கோ, லார்ட்ஸில் பேட்டர்கள் 193 ரன்களைத் துரத்த முடியாமல் போனதற்கோ அவர் பொறுப்பல்ல.

எனினும் அவருடைய உடல்நிலை பற்றிய கவலை மெய்யானது. மான்செஸ்டரில் அவரது வேகம் குறைந்தது. தமது டெஸ்ட் வாழ்வில் முதன்முறையாக ஓர் இன்னிங்ஸில் 100 ரன்களுக்கு மேல் விட்டுக்கொடுத்தார். அங்கு ஆகாஷ் தீப், அர்ஷ்தீப் சிங், நிதிஷ் குமார் ரெட்டி மூவரும் காயத்தால் விலகியிருந்ததால், அவசரமாக அழைக்கப்பட்ட அன்ஷுல் கம்போஜ் அறிமுகமானார். 18 பேர் கொண்ட குழுவுடன் சென்ற அணிக்கு நான்காவது ஆட்டத்திலேயே மாற்று வேகப்பந்து வீச்சாளர் தேட வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில் சிராஜின் உழைப்பு தனித்து நிற்கிறது. இந்திய வேகப்பந்து வீச்சாளர்களில் ஐந்து ஆட்டங்களிலும் ஆடியவர் அவர் ஒருவரே. 1,113 பந்துகள், 23 விக்கெட்டுகள். ஓவலில் நான்காம் நாள், 19 ரன்களில் இருந்த புரூக்கின் கேட்சைப் பிடித்த சிராஜ் எல்லைக்கோட்டை மிதித்துவிட்டார். புரூக் 111 ரன்கள் அடித்தார். 374 ரன் இலக்கில் இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 301 என்ற நிலையில் இருந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது. அடுத்த 66 ரன்களில் மீதி விக்கெட்டுகள் வீழ்ந்தன. அதே சிராஜ் மறுநாள் காலை மூன்று விக்கெட்டுகளை எடுத்து ஆட்டநாயகன் ஆனார். தோள்பட்டை விலகிய நிலையில் இடக்கையைத் தொட்டிலில் கட்டிக்கொண்டு பதினொன்றாவது வீரராக வோக்ஸ் களமிறங்கியதும், மான்செஸ்டரில் எலும்பு முறிந்த பாதத்துடன் பந்த் திரும்பி வந்து அரைசதம் அடித்ததும் இத்தொடரின் மறக்க முடியாத காட்சிகள். காயமடைந்த வீரருக்கு மாற்று வீரரை அனுமதிக்கலாம் என்று பயிற்சியாளர் கௌதம் கம்பீர் கூறினார். ஸ்டோக்ஸ் அதைக் கடுமையாக நிராகரித்தார். அடுத்த ஆட்டத்திலேயே வோக்ஸின் நிலை அந்த விவாதத்துக்கு மறுபக்கத்தைக் காட்டியது.

எதிரணியின் 20 விக்கெட்டுகளைச் சாய்ப்பதே டெஸ்ட் வெற்றியின் அடிப்படை. லீட்ஸில் இந்தியா எடுத்தது 15. மான்செஸ்டரில் 10. ஓவல் முதல் இன்னிங்ஸில் வோக்ஸ் பேட்டிங் செய்யாததால் 9 விக்கெட்டுகளே போதுமானதாக இருந்தன. சுழலைப் பொறுத்தவரை ஐந்து ஆட்டங்களில் ஜடேஜா 7, நான்கு ஆட்டங்களில் சுந்தர் 7 விக்கெட்டுகள். வறண்ட கோடையில் தட்டையான ஆடுகளங்கள், விரைவில் மென்மையாகிவிடும் பந்து ஆகிய இரண்டும் இருந்த தொடரில் குல்தீப்பை ஓர் ஆட்டத்தில்கூட சோதித்துப் பார்க்காதது அணி நிர்வாகத்தின் மிகப் பெரிய தயக்கம். அவர் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று எவராலும் உறுதி கூற முடியாது. லீட்ஸின் ஐந்தாம் நாளிலும் மான்செஸ்டரின் மூன்றாம் நாளிலும் கேப்டனின் கையில் மாற்று வழி ஒன்றும் இல்லை என்பது மட்டும் உறுதி.

மூன்றாம் இடத்தின் வெற்றிடம்

பேட்டிங் எண்கள் பிரமிக்க வைக்கின்றன. இந்திய வீரர்கள் 12 சதங்கள் அடித்தனர். கில் நான்கு, ராகுல், பந்த், ஜெய்ஸ்வால் தலா இரண்டு, ஜடேஜா, சுந்தர் தலா ஒன்று. கில்லின் 754 ரன்கள், ஒரு தொடரில் இந்திய கேப்டன் ஒருவர் எடுத்த அதிகபட்சம். 1970-71-இல் மேற்கிந்தியத் தீவுகளில் சுனில் கவாஸ்கர் எடுத்த 774 மட்டுமே இந்தியர் எவரும் எடுத்ததில் அதைவிட அதிகம். கவனிக்கத்தக்க இன்னொரு விவரமும் உண்டு: முதல் நான்கு இன்னிங்ஸில் 585 எடுத்த கில், பிந்தைய ஆறு இன்னிங்ஸில் எடுத்தது 169. அதில் 103 மான்செஸ்டரில் வந்தது. ஐந்து ஆட்டங்களிலும் டாஸையும் அவர் இழந்தார். இளம் கேப்டனின் சோர்வு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பெரிய குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை.

வெற்றிடம் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. திராவிடும் புஜாராவும் ஆண்டுக்கணக்கில் காத்த அந்த இடத்தில் இம்முறை சாய் சுதர்சனும் கருண் நாயரும் மாறி மாறி இறங்கினர். பத்து இன்னிங்ஸில் அந்த இடம் தந்த ரன்கள் 251. ஒரே ஓர் அரைசதம், மான்செஸ்டரில் சுதர்சன் எடுத்த 61. லீட்ஸில் அறிமுகமாகி முதல் இன்னிங்ஸில் ரன் எடுக்காமல் வெளியேறிய சுதர்சன் அடுத்த இரு ஆட்டங்களில் நீக்கப்பட்டார். மூன்று ஆட்டங்களில் 140 ரன்கள் என்பது போதாது. ஆனால் 23 வயது வீரரை ஓர் ஆட்டத்துக்குப் பின் வெளியே அமர்த்தி, தொடரின் கடினமான கட்டத்தில் மீண்டும் அழைப்பது அவரை வளர்க்கும் வழியாகத் தெரியவில்லை.

கருண் நாயரின் கதை கேரளத்தில் சற்று வேறு விதமாகவே வாசிக்கப்படுகிறது. மலையாளிப் பெற்றோருக்குப் பிறந்து கர்நாடகத்தில் வளர்ந்தவர் அவர். 2016 டிசம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இதே இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 ரன்கள் குவித்தவர். 2017 மார்ச்சுக்குப் பின் டெஸ்ட் வாய்ப்பே இல்லாமல் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 2024-25 ரஞ்சி பருவத்தில் விதர்பாவுக்காக 863 ரன்கள் எடுத்துத்தான் திரும்பி வந்தார். அதில் ஒரு முரண் உண்டு. வரலாற்றில் முதன்முறையாக ரஞ்சி இறுதி ஆட்டத்தை எட்டிய கேரள அணியை நாக்பூரில் 86, 135 என்ற ரன்களால் கோப்பையிலிருந்து தள்ளி நிறுத்தியவர் அவரே. அப்போது அவர் மீது வருத்தம் கொண்ட கொச்சி ரசிகர்கள், லீட்ஸில் அவர் களமிறங்கியபோது அவரை மீண்டும் ‘நம்மவர்’ ஆக்கிக்கொண்டனர். கேரள அணியிலிருந்து டெஸ்ட் ஆடிய கடைசி வீரர் ஸ்ரீசாந்த். அவரது கடைசி டெஸ்ட் 2011 ஆகஸ்டில் இதே ஓவலில்தான். மாநிலத்தில் இதுவரை ஒரு டெஸ்ட் ஆட்டமும் நடந்ததில்லை. உரிமை கொண்டாட வேறு ஆள் இல்லாத ஊரில் இந்த உறவு இயல்பானதே.

நான்கு ஆட்டங்கள், எட்டு இன்னிங்ஸ், 205 ரன்கள். பெரும்பாலும் நன்றாகத் தொடங்கி, முப்பது நாற்பதைத் தாண்டாமல் திரும்பினார். பந்து எங்கும் நகர்ந்த ஓவல் முதல் இன்னிங்ஸில் 224 ரன்களில் சுருண்ட அணியில் 57 எடுத்தவர் அவர் மட்டுமே. 303-க்குப் பிறகு அவருடைய முதல் அரைசதம் அது. 6 ரன்களில் வென்ற ஆட்டத்தில் அந்த 57-க்கு மதிப்பு உண்டு. 33 வயதில் அது போதுமா என்பதைத் தேர்வாளர்கள் சொல்லவேண்டும். போதாது என்பதே எண்கள் தரும் பதில்.

தமிழகத்தின் கணக்கில் சுந்தர் 284 ரன்களும் 7 விக்கெட்டுகளுமாக உறுதியான இலாபம். ஓவலில் கடைசி விக்கெட்டுக்கு பிரசித்தை வைத்துக்கொண்டு அவர் அடித்த அதிரடி 53 இல்லையேல் இலக்கு 374-ஐ எட்டியிருக்காது. பந்தின் காயத்தால் கடைசி ஆட்டத்துக்கு அழைக்கப்பட்ட என். ஜெகதீசனையும் சேர்த்து, தமிழக அணியைச் சேர்ந்த மூவர் ஓவல் ஓய்வறையில் இருந்தனர்.

அடுத்து என்ன

2025 ஆகஸ்ட் நிலவரப்படி உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டியலில் 60-க்கு 28 புள்ளிகளுடன், அதாவது 46.67 சதவீதத்துடன் இந்தியா மூன்றாம் இடத்தில் இருந்தது. லார்ட்ஸில் தாமதமாகப் பந்து வீசியதற்கு 2 புள்ளிகளை இழந்த இங்கிலாந்து 43.33 சதவீதத்துடன் அடுத்த இடத்தில் இருந்தது. அப்போது இந்தச் சுழற்சியில் இந்தியாவுக்கு எஞ்சியிருந்த 13 ஆட்டங்களில் 9 சொந்த மண்ணில் நடைபெறுபவையாக இருந்தன. இது சாதகம்போலத் தோன்றினாலும், 2024-இல் நியூசிலாந்திடம் மூன்று ஆட்டங்களையும் இழந்தது சொந்த மண்ணில்தான் என்பதை மறப்பதற்கில்லை. அத்துடன் நடப்பு உலக சாம்பியன் தென்னாப்பிரிக்கா 2025 நவம்பரில் கொல்கத்தாவுக்கும் குவாஹாட்டிக்கும் வருவதாக இருந்தது. அங்கு குல்தீப் திரும்புவார் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவருக்கு இடம் தர எந்த ஆல்ரவுண்டர் விலகுவார் என்ற கேள்வி இங்கிலாந்தில் தள்ளிப்போடப்பட்டது, இந்தியாவில் தள்ளிப்போட முடியாது.

அதற்கு முன் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் டெஸ்ட் 2025 அக்டோபர் 2-இல் ஆமதாபாத்தில் தொடங்குவதாக இருந்தது. பாதக் காயம் ஆறாத பந்த் அதற்குள் திரும்புவாரா என்பது அப்போது உறுதியாகவில்லை. பும்ரா, ஐக்கிய அரபு அமீரகத்தில் செப்டம்பர் 9 முதல் நடைபெறவிருந்த ஆசியக் கோப்பை இருபது ஓவர் போட்டியில் ஆடுவாரா, டெஸ்டுக்காகக் காத்துவைக்கப்படுவாரா என்பதைத் தேர்வுக் குழு ஆகஸ்டிலேயே முடிவுசெய்தாக வேண்டியிருந்தது. ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கும் ஆமதாபாத் டெஸ்டின் முதல் நாளுக்கும் இடையே இருந்தது மூன்றே நாள்கள்.